ஃபைல் இப்போ எந்த மேசையில இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள் நிறைய கோட்டையைப் பத்திதான். தலைமைச் செயலகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க, இப்பவும் உள்ள இருக்கறவங்கன்னு சிலர்கிட்ட உட்கார்ந்து பேசிட்டுதான் பதில் எழுதறேன். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, போடல.

கேள்வி: எங்க ஊர் ஆத்துல பாலம் கட்டப்படும்னு சட்டசபையிலயே அமைச்சர் அறிவிச்சாரு. ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் நடக்கல. ஆபீஸ்ல கேட்டா "ஜி.ஓ. வரலைங்க"ன்னு அனுப்பிடறாங்க. சட்டசபையில சொன்னதுக்கு மேல என்ன வேணும்?
– வாசகர், மணப்பாறை

சார், சட்டசபையில சொன்னதுக்கு மதிப்பு இருக்கு, சொன்னது நடந்துச்சான்னு பார்க்கறதுக்குன்னே பேரவையில அரசு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா அந்த அறிவிப்பை மட்டும் காட்டி கருவூலத்துல இருந்து ஒரு ரூபா எடுக்க முடியாது, அதுக்கு ஜி.ஓ.ன்னு சொல்ற அரசாணை, அதாவது அரசு எழுத்துல போடற உத்தரவு, வந்தாகணும்.

அது எப்படி வருதுன்னா, முதல்ல தலைமைப் பொறியாளர் ஆபீஸ்ல இருந்து உத்தேச மதிப்பீட்டோட கருத்துரு, அதாவது திட்டத்தைக் கேட்டு அனுப்பற முன்மொழிவு, கிளம்பணும். அது கோட்டைக்கு வந்து சம்பந்தப்பட்ட துறையில ஏ.எஸ்.ஓ. (உதவிப் பிரிவு அலுவலர்) மேசையில உட்காரும், அவர் குறிப்பு எழுதி பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர்னு மேல போகும், அங்கிருந்து நிதித்துறைக்குப் போனா அங்கயும் மறுபடி கீழ இருந்து மேல ஏறணும். நிதித்துறை கேள்வி கேட்கும். நிலம் கையில இருக்கா, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகுதுன்னு கணக்கு எடுத்தீங்களா, பக்கத்துல ஏற்கெனவே பாலம் இருக்கே இது எதுக்குன்னு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் ஃபைல் திரும்ப தலைமைப் பொறியாளர்கிட்ட போயி, அவர் கோட்டப் பொறியாளருக்கு எழுதி, அவர் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு எழுதி, அங்க ஆள் மாறுதல்ல போயிருந்தா அந்தக் கடிதம் அப்படியே கிடக்கும். நான் பேசின ஒரு ரிட்டயர்ட் அதிகாரி சொன்னது, நிறைய திட்டம் நின்னு போறது மேல யாரோ எதிர்த்ததால இல்ல, கீழ இருந்து ஒரு பதில் கடிதம் வராததாலதான்னு. எனக்கு இது கோபம் வர்ற விஷயம், மழைக்காலத்துல அந்த ஆத்தை சுத்திகிட்டு ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்களுக்கு இந்தக் கடிதப் போக்குவரத்து எதுவும் தெரியாது.

இதெல்லாம் முடிஞ்சாதான் நிர்வாக அனுமதி அரசாணை, அப்புறம் தொழில்நுட்ப அனுமதி, அப்புறம் 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டப்படி டெண்டர்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாளைக்குள்ள பதில் தரணும். ஆனா "பாலம் எப்ப வரும்"னு கேட்காதீங்க, அப்படி ஒரு ஆவணம் எங்களிடம் இல்லைன்னு பதில் வந்துடும். கருத்துரு எந்த தேதியில எந்த கடித எண்ல அனுப்பினாங்க, நிதித்துறை எழுப்பின கேள்விகளோட நகல், அதுக்கு அனுப்பின பதிலோட நகல், அரசாணை வந்திருந்தா அதோட எண், தேதி, இப்படி ஆவணமா கேளுங்க. எந்த மேசையில நிக்குதுன்னு தெரிஞ்சுடும், அப்புறம் எம்.எல்.ஏ.கிட்ட போனா அவரால தப்பிக்க முடியாது.

கேள்வி: 110 விதியில அறிவிப்புன்னு டிவியில சொல்றாங்களே, அது ஏதாவது ஸ்பெஷலா?
– வாசகி, மன்னார்குடி

பேரவை விதிகள்ல 110வது விதி அம்மா. பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்தைப் பத்தி அமைச்சர் அறிக்கை படிக்கலாம், அப்போ அது மேல விவாதம் கிடையாது. 2011-16ல ஜெயலலிதா இதை ரொம்ப அதிகமா பயன்படுத்தினாங்க. பணத்துக்கும் அரசாணைக்கும் மேல சொன்ன அதே வழிதான், சுருக்கு வழி எதுவும் இல்ல. எதிர்க்கட்சி கேள்வி கேட்க முடியாத அறிவிப்புங்கறதால எனக்கு இதுல உடன்பாடு கிடையாது.

கேள்வி: சட்டம் பெருசா, அரசாணை பெருசா? கவர்னர் கையெழுத்து போடலன்னா அரசாணை போட்டுடலாமே?
– கல்லூரி மாணவர், திருவண்ணாமலை

சட்டம்தான் பெருசு தம்பி. ஆனா நீங்க கேட்ட மாதிரியே ஒரு தடவை நடந்திருக்கு. அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்ல 7.5% உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் ஆணையம் 10% கொடுக்கலாம்னு சொல்லிச்சு, அமைச்சரவை 7.5%னு முடிவு பண்ணிச்சு, 2020 செப்டம்பர் 15ல மசோதா நிறைவேறி கவர்னர் பன்வாரிலால் புரோஹித்துக்குப் போச்சு. வாரக்கணக்குல பதில் இல்ல. கவுன்சிலிங் நெருங்குது, நீட் ரிசல்ட்டும் வந்தாச்சு. அக்டோபர் 29ல அரசியல் சட்டத்தோட 162வது பிரிவுல இருக்கற மாநில நிர்வாக அதிகாரத்தை வச்சு அரசாணையே போட்டுட்டாங்க, மறுநாள் 30ஆம் தேதி கவர்னர் ஒப்புதல் வந்துடுச்சு. அந்த வருஷமே 400க்கு மேல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு இடம் ஒதுக்கினாங்க. ஆட்சி எந்தக் கட்சியோ இருக்கட்டும், அந்த அரசாணையை எழுதின கைக்கு நான் நன்றி சொல்வேன்.

அப்போ எதுக்கு சட்டம்னு கேட்பீங்க. அரசாணையை நாளைக்கு வர்ற இன்னொரு அரசாணை ரத்து பண்ணிடும், சட்டத்தை மாத்தணும்னா சட்டசபைக்குதான் வரணும். கோர்ட்லயும் சட்டத்துக்கு பலம் ஜாஸ்தி, இந்த 7.5% சட்டம் செல்லும்னு சென்னை ஐகோர்ட் 2022 ஏப்ரல்ல தீர்ப்பு கொடுத்துச்சு. 2022ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம், 2023ல வந்த மகளிர் உரிமைத் தொகை இதெல்லாம் அரசாணையில நிக்கறதுதான். 1982ல எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவை அதுக்கப்புறம் வந்த எந்த ஆட்சியும் எடுக்கல, முட்டை சேர்த்தாங்க, கூட்டிகிட்டேதான் போனாங்க. ஜனங்க கெட்டியா பிடிச்சுக்கிட்டா ஒரு அரசாணை பல ஆட்சி தாண்டும். ஆனா அதை நம்பி சும்மா இருக்கக் கூடாது, முக்கியமான உரிமையை சட்டமா கேட்கறதுதான் சரின்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: ஒவ்வொரு குடும்பத்து மேலயும் 2,63,976 ரூபா கடன்னு சொன்னாங்களே, அதை நாங்க கட்டணுமா?
– வாசகர், தேனி

2021 ஆகஸ்ட் 9ல அப்போ நிதியமைச்சரா இருந்த பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில வந்த கணக்கு அது. மொத்தக் கடனை குடும்ப எண்ணிக்கையால வகுத்தது, உங்க வீட்டுக்கு நோட்டீஸ் வராது. பாலத்துக்கு வாங்கின கடனா, சம்பளத்துக்கும் வட்டிக்கும் வாங்கின கடனாங்கறதைத்தான் பார்க்கணும், பின்னதுதான் ஆபத்து.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி எழுதி கோட்டையில ஏ.எஸ்.ஓ. ஆகணும்னு படிக்கறேன். அமைச்சரும் ஐஏஎஸ்ஸும் முடிவு எடுக்கற இடத்துல எனக்கு என்ன அதிகாரம் இருக்கும்?
– வாசகி, சங்கரன்கோவில்

நிறைய இருக்கும்மா. முதல் குறிப்பு எழுதறது நீங்கதான். விஷயம் என்ன, இதுக்கு முன்னாடி இதே மாதிரி வந்தப்போ என்ன பண்ணாங்க, விதி என்ன சொல்லுது, எவ்வளவு செலவு, எல்லாம் உங்க கையெழுத்துல ஆரம்பிக்கும். மேல இருக்கறவங்க மாத்தி முடிவு எடுக்கலாம், அமைச்சருக்கு அந்த உரிமை இருக்கு, ஓட்டு வாங்கினவர் அவர்தான். ஆனா நீங்க எழுதினது அழியாது. இ-ஆபீஸ்ல, அதாவது ஃபைலை கம்ப்யூட்டர்லயே நகர்த்தற முறையில, மஞ்சள் நோட்ல எழுதறது வரைவு, அதை பச்சை நோட்டா உறுதி பண்ணி அனுப்பிட்டா அப்புறம் யாராலயும் திருத்த முடியாது, மாத்துக் கருத்துன்னா அதுக்குக் கீழதான் எழுதணும். பின்னாடி ஆடிட் வந்தாலும் கோர்ட் ஃபைலைக் கேட்டாலும் முதல்ல படிக்கறது உங்க பத்தியை. "வாய்மொழியா சொல்லிட்டாங்க, மாத்தி எழுது"ன்னு அழுத்தம் வரும், அப்போ எழுத்துல கேளுங்கன்னு ஒரு சீனியர் அம்மா சொல்லச் சொன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, சேர்ந்த முதல் மாசமே உங்க பிரிவோட பழைய அரசாணைக் கோப்பு மொத்தத்தையும் உட்கார்ந்து படிச்சுடணுமாம், முன்னுதாரணம் எடுத்து வைக்கத் தெரிஞ்ச ஏ.எஸ்.ஓ.வை செயலாளரே கூப்பிட்டுக் கேட்பாராம்.