ஃபிளெக்ஸ் நிப் உள்ள மை பேனாவை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பராமரிப்பது? அதில் தமிழ் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். ஃபிளெக்ஸ் நிப் என்பது அழுத்தினால் வளைந்து விரிந்து கோட்டைத் தடிப்பாக்கும் நிப். ஆனால் காப்பர்பிளேட் எனும், தடித்தும் மெலிந்தும் ஓடும் ஆங்கிலச் சாய்வெழுத்து வீடியோக்களில் பார்ப்பதுபோல அழுத்தி அழுத்தி எழுத நினைத்தால் தமிழும் கெடும், நிப்பும் கெடும். நீங்கள் மூன்று தொல்லை சொல்லியிருக்கிறீர்கள்: அழுத்தினால் கோடு இரண்டாகப் பிரிகிறது, சில சமயம் எழுத ஆரம்பித்ததும் மை வருவதில்லை, வளைவுகளில் முள் தாளைக் கீறுகிறது. முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் நிப் இல்லை, மை வந்து சேரும் வேகம். மூன்றாவதுக்குக் காரணம் கை. புது நிப் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது மொரீஷியஸில், கியூர்பிப் பக்கம். ரோஸ்ஹில்லில் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும், ஊரில் உள்ள கல்யாணக் கவர் எல்லாம் நம் மேஜைக்கு வந்துவிடும். ரூபாய் நோட்டிலேயே தமிழ் அச்சடிக்கிற நாடு இது, ஆனால் வீட்டில் பேசுவது கிரியோல். அதனாலேயோ என்னவோ, கவரின் மேல் பெயர் தமிழில் இருக்க வேண்டும் என்று தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கேட்கிறார்கள். கீழே விலாசம் தபால்காரருக்காக ரோமன் எழுத்தில். ஒரே கவரில் இரண்டு எழுத்தையும் ஒரே பேனாவால் எழுதுவதால், ஃபிளெக்ஸ் நிப் எதற்கு ஒத்துவரும், எதற்கு வராது என்று எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதலில் அது வேலை செய்யும் விதம். நிப்பின் நடுவில், மூச்சுத் துளையிலிருந்து முனை வரை ஒரு கீறல் இருக்கிறது. அழுத்தும்போது அதன் இரண்டு பக்கமும் விலகுகின்றன, விலகிய இடைவெளியில் மை ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது, அந்தப் படலம் அறாமல் இருக்கும்வரை ஒரே தடித்த கோடு விழும். அறுந்துவிட்டால் இரண்டு ஓரங்கள் மட்டும் எழுதும், நடுவில் வெள்ளை. இதைத்தான் ரெயில்ரோடிங் என்கிறார்கள். படலம் அறுவது ஒன்று அளவுக்கு மீறி விரித்ததால், அல்லது வேகமாக இழுத்ததால், இல்லையென்றால் நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டை தேவையான மையைக் கொண்டுவந்து கொடுக்காததால். எழுதும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அப்போது சரியாகிவிட்டால் பேனாவில் கோளாறு எதுவும் இல்லை.

தங்க நிப் என்றாலே வளையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 14 காரட் என்றால் 58.5 சதவீதம் தங்கம், அவ்வளவுதான். ஆணி மாதிரி இறுகிய 14 காரட் நிப்புகள் எத்தனையோ உண்டு. வளைவது தகட்டின் கனம், கீறலின் நீளம், தோள் பக்கம் எவ்வளவு செதுக்கியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. ஜப்பானில் மங்கா வரைகிறவர்கள் மையில் தொட்டுத் தொட்டு எழுதும் நிக்கோ ஜி, ஸீப்ரா ஜி நிப்புகள் எஃகுதான், அருமையாக விரிந்து திரும்பும். பழைய வாட்டர்மேன் 52 பேனாக்களின் தங்க நிப்புகளுக்கு இன்றும் மதிப்பு இருப்பது தங்கத்துக்காக மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் அவற்றைத் தட்டி மெலிதாக்கிய பக்குவத்துக்காக. பிறகு கார்பன் தாள் வைத்து நகல் எடுக்கும் அலுவலகங்களுக்கு இறுகிய நிப் தேவைப்பட்டது, அப்புறம் பால்பாயிண்ட் வந்தது, வளையும் நிப்பைக் கேட்க ஆள் குறைந்துபோனார்கள்.

எந்த உலோகமானாலும் ஒரு எல்லை உண்டு. அதுவரை விரித்தால் தானாகத் திரும்பும், தாண்டினால் திரும்பாது. அப்படிக் கெட்ட நிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முனையில் இரண்டு பக்கமும் சேராமல் சந்து தெரியும், அழுத்தாமல் எழுதினால் மை வராது. என் கணக்கு இது: அழுத்தாமல் விழும் கோட்டைப்போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு தடிமன் போதும். விற்கிறவர்கள் படத்தில் காட்டும் அகலத்தைத் தினமும் எழுதுகிற பேனாவில் முயல வேண்டாம்.

சரி, தமிழுக்கு வருவோம். ஆங்கிலச் சாய்வெழுத்து கூர்முனை இறகோடும் நிப்போடும் வளர்ந்தது, கீழே இறங்கினால் தடிப்பு, மேலே ஏறினால் மெலிவு என்பது அதன் இயல்பிலேயே இருக்கிறது. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது, எல்லாப் பக்கமும் ஒரே கனம். அதனால் எந்தக் கோட்டில் தடிப்பு வர வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வைத்திருக்கும் விதி, நேராகக் கீழே இறங்கும் கோட்டில் மட்டும் அழுத்தம், வேறு எங்கும் இல்லை. ட இதற்கென்றே செய்த எழுத்து: இறங்கும்போது தடிப்பு, வலப்பக்கம் போகும்போது மெலிவு. க-வின் நடுக்கோடு தடித்தால் போதும், வளைவு தானாக அழகாகிவிடும். ப-வில்தான் சிக்கல். இடப்பக்கக் கோடு இறங்குகிறது, வலப்பக்கக் கோடு ஏறுகிறது, எனவே ஒரு கால் தடித்தும் ஒரு கால் மெலிந்தும் நிற்கும். சிலர் பேனாவை எடுத்து வலப்பக்கத்தையும் மேலிருந்து கீழே இழுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, எழுத்தின் ஓட்டமே போய்விடும். ஒரு கால் மெலிந்திருப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, கொம்பு இவற்றில் சுழிக்குள் அழுத்தவே கூடாது. சுழி மையால் அடைத்துக்கொண்டால் எத்தனை சுழி என்றே தெரியாது. மேல்நோக்கிப் போகும்போதோ பக்கவாட்டிலோ அழுத்தினால் விரிந்த முனைகளில் ஒன்று தாளில் குத்திக்கொள்ளும். நீங்கள் சொன்ன கீறல் அதுதான். ஒவ்வொரு கோட்டையும் முடிக்கும் முன்பே அழுத்தத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் திரும்புங்கள், விரித்தபடியே திருப்பினால் முனைகள் சட்டென்று மூடி மை தெறிக்கும். மெய்யெழுத்துப் புள்ளிக்கு முள் தாளைத் தொட்டால் போதும், குத்த வேண்டாம். இன்னொன்று, தாளை இடப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். கீழே இறங்கும் கோடும் நிப்பின் கீறலும் ஒரே திசையில் இருந்தால்தான் இரண்டு பக்கமும் சமமாக விரியும். கோணலாகப் பிடித்து அழுத்தினால் ஒரு பக்கம் மட்டும் சுமை தாங்கி, நாளடைவில் இரண்டு முனையும் மேலும் கீழுமாக நிற்கும். இடது கைக்காரர்களுக்கு இது கொஞ்சம் கடினம், கையைக் கோட்டுக்குக் கீழே வைத்து எழுதப் பழகினால் முடியும்.

கவர் எழுதும்போது பெயருக்கு மட்டும் அழுத்துவேன், மற்றதெல்லாம் சாதாரண மெலிந்த எழுத்து. ஒரு பக்கம் முழுக்கத் தடித்தும் மெலிந்தும் தமிழ் எழுதிப் பாருங்கள், கண் வலிக்கும்.

இனிப் பராமரிப்பு. வளையும் நிப் சாதாரண நிப்பைவிட அதிக மை குடிக்கும், ஆகவே கட்டையின் கால்வாய்கள் சுத்தமாக இருப்பது இங்கே இரண்டு மடங்கு முக்கியம். மையை மாற்றும்போதெல்லாம், மாற்றாவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது, குளிர்ந்த தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுக் கழுவுங்கள், தண்ணீர் தெளிவாக வரும்வரை. மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் பல்ப் இருந்தால் கழுத்துப் பகுதிக்குள் நேராகத் தண்ணீர் செலுத்தலாம், வேலை சீக்கிரம் முடியும். காய்ந்து இறுகியிருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்து ஊற வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோப்பு மிஞ்சினால் மை கட்டுப்பாடில்லாமல் கொட்டும். ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் வேண்டாம், சில பிளாஸ்டிக் வெடித்துவிடும். எபோனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) உடலாக இருந்தால் முழுப் பேனாவையும் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். கழுவியபின் நிப்பைக் கீழ்நோக்கி ஒரு டிஷ்யூவில் குத்தி நிறுத்திவிட்டால் மிச்சத் தண்ணீரை அதுவே இழுத்துக்கொள்ளும்.

மை வராவிட்டால் கீறலுக்குள் பாதி பிளேடை விட்டு இழுக்கும் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறதே, அதை ஃபிளெக்ஸ் நிப்பில் செய்யவே செய்யாதீர்கள். பிளேடின் முதுகு இந்த மெல்லிய தகட்டுக்கு அதிகக் கனம், கீறல் நிரந்தரமாக விரிந்துவிடும். அடைத்திருப்பதை எடுக்க மெல்லிய பித்தளைத் தகடு என்றே விற்கிறார்கள்.

எழுத ஆரம்பித்ததும் மை வராததற்கு முக்கியக் காரணம், நிப்பும் கட்டையும் ஒட்டி உட்காராமல் நடுவில் சந்து விட்டிருப்பது. கட்டை எபோனைட்டாக இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். இரண்டையும் கழற்றி, பேனாவில் இருப்பதுபோலவே ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பிடித்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் இருபது எண்ணும்வரை முக்கி எடுங்கள், உடனே துணி வைத்துக் கட்டையை நிப்பின் பக்கம் மெதுவாக அழுத்திக்கொண்டு குழாய்த் தண்ணீரில் ஆற விடுங்கள். சூட்டில் எபோனைட் இளகி நிப்பின் வளைவுக்கு ஏற்ப உட்கார்ந்துவிடும். பிளாஸ்டிக் கட்டைக்கு இந்த வேலை பலிக்காது. எது எது என்று தெரியாவிட்டால் விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், எபோனைட் என்றால் கந்தக வாசனை வரும். திருவள்ளூர் ரங்கா பேனாக்களிலும் ராஜமுந்திரி ரத்னம் பேனாக்களிலும் எபோனைட் கட்டை கிடைக்கிறது. இங்கிருந்து பழனிக்குப் போகிறவர்கள் சென்னை வழியாக வந்தால் சொல்லி அனுப்பலாம், நான் அப்படித்தான் வாங்குகிறேன். நூட்லர்ஸ் அஹாப் பேனாவிலும் எபோனைட் கட்டைதான், நிப்பையும் கட்டையையும் முன்னே பின்னே நகர்த்தி மை வரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். பழகுவதற்கு நல்லது.

மை விஷயத்தில் எங்கள் ஊர் வானிலையும் சேர்ந்துகொள்கிறது. கியூர்பிப்பில் மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. தைப்பூசக் காவடி அழைப்பிதழ் எழுதும் நேரம் சரியாகப் புயல் காலம், தாள் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், ஃபிளெக்ஸ் நிப் கொட்டும் மை அதில் நூல் நூலாகப் பரவும். எழுதப்போகும் தாளை முதல் நாளே அரிசி டப்பா மாதிரி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்துவிடுவேன். தடித்த கோடு காய நேரமாகும், கவர்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். நீலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான அழிக்கக்கூடிய மை கவருக்கு ஆகாது, தபால் பெட்டியில் ஒரு மழை பட்டால் பெயர் போய்விடும். பெலிக்கன் 4001 ராயல் புளூ அந்த வகை, நிப்புக்கு அதைவிடச் சாதுவான மை குறைவு, ஆனால் அது நோட்டுக்கு மட்டும். கவருக்கு அதே 4001-இன் நீலக்கறுப்பு. அதில் இரும்பு உப்பு இருப்பதால் தண்ணீருக்குத் தாங்கும், எஃகு நிப்பில் மட்டும் நாள்கணக்கில் விடாமல் கழுவிவிடுங்கள். சித்திரக்காரர்களின் இந்தியன் இங்க்கை மை பேனாவில் ஊற்றவே கூடாது, அதில் அரக்கு இருக்கிறது, காய்ந்தால் கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மைப் புட்டியில் பூஞ்சை பிடிப்பதும் இந்த ஈரத்தில் சகஜம். திறந்ததும் வாசனை மாறியிருந்தாலோ மேலே ஆடை போல மிதந்தாலோ அந்தப் புட்டியைக் கொட்டிவிடுங்கள், வடிகட்டிப் பயன்படுத்த நினைக்க வேண்டாம், பேனாவுக்குள்ளும் வளரும். புட்டிக்குள் நேராகப் பேனாவை முக்காமல் கொஞ்சம் சிறு குப்பியில் ஊற்றிக்கொண்டு நிரப்பினால் இந்தத் தொல்லை பாதி குறையும். தொட்டு எழுதும் ஜி நிப்புகள் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும், துடைத்துக் காய வைத்து மூடிய டப்பாவில் போடுங்கள்.

பழைய பேனா வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், விற்பவரிடம் மை நிரப்பி எழுதிக் காட்டிய படமும், நிப்பை நெருக்கத்தில் எடுத்த படமும் கேளுங்கள். மூச்சுத் துளையைச் சுற்றியும் நிப்பின் இரண்டு விளிம்பிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், அதிகம் விரித்து எழுதிய நிப்புகள் அங்கேதான் வெடிக்கும். முனையில் இருக்கும் கெட்டி உலோகப் பொட்டு இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். உள்ளே ரப்பர் பை இருக்கும் பேனா என்றால் அதை மாற்றியிருக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள், அது சின்னச் செலவுதான். வெடிப்பு மட்டும் தெரிந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள், தங்க நிப்பை ஒட்டித் தருகிற ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் புதுப் பேனாவே வாங்கிவிடலாம்.