ப்ரோலாக் நிரல்மொழியில் எழுத்தாக வந்த எண்ணைக் கூட்டுவது எப்படி?

கோத்தகிரி தேயிலை எடைக் கணக்கில், கோப்பிலிருந்து படித்த '23' என்பதோடு 5 கூட்டினால் டைப் எரர் (வகைப் பிழை) வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் '23' ப்ரோலாக்குக்கு வெறும் பெயர்தான் (ஆட்டம்), எண் அல்ல. ப்ரோலாக்கின் ஒரு வடிவமான எஸ்டபிள்யூஐ ப்ரோலாக்கில் ஆட்டம்_நம்பர்('23', _எடை) என்று எழுதினால் _எடை 23 ஆகிவிடும். (தமிழில் மாறிக்குப் பெயர் வைத்தால் முன்னால் அடிக்கோடு கட்டாயம்.) எண் தெரிந்து எழுத்து வேண்டுமென்றாலும் இதே வரிதான்.

சரி, யாராவது '23 கிலோ' என்று தட்டியிருந்தால்? ஆட்டம்_நம்பர் பிழை எதுவும் காட்டாமல் தோற்றுவிடும். அந்த மூட்டை கணக்கில் விடுபட்டதே தெரியாது. விவசாயியின் பணம் இது. அதனால் ஆட்டம்_கோட்ஸ் வழியாக எழுத்துக் குறியீடுகளாகப் பிரித்து, அவற்றை எண்ணாக்கும் நம்பர்_கோட்ஸிடம் கொடுங்கள். எண்ணாக்க முடியாவிட்டால், ப்ரோலாக்கின் ஐஎஸ்ஓ தரப்படி அது சிண்டாக்ஸ் எரர் (தொடரமைப்புப் பிழை) எழுப்பும். அப்புறம், '12.50' எண்ணாகித் திரும்பினால் '12.5' ஆகிவிடும். ரசீதுக்குத் தசம இடங்களை, அச்சிடும் கட்டளையான ஃபார்மட்டில் குறிப்பிடுங்கள்.