கையெழுத்துப் போட்டால் இலவசமாகச் சரிசெய்கிறேன் என்கிறார் டாக்டர்

கேள்வி: பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 38. எட்டு மாதத்துக்கு முன் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் வயிற்றிலும் இடுப்பிலும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டேன். 18,000 ரிங்கிட் கட்டினேன். வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால் வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் மேடு. கேட்டதற்கு, இலவசமாக மறுபடி செய்து தருகிறேன், ஆனால் இனி எந்த இழப்பீடும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார் டாக்டர். அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார். கோலாலம்பூரில் வேறொரு நிபுணர் 25,000 ரிங்கிட் ஆகும் என்கிறார். முதலிலேயே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் வழக்குப் போட முடியாது என்கிறார் என் கணவர். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?

பதில்: சகோதரி, முதலில் அடுத்த வாரத் தேதியைத் தள்ளிப் போடுங்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டாக்டர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. இன்றைக்கு உங்கள் வழக்குக்கு இருக்கும் ஒரே நேரடிச் சாட்சி உங்கள் உடம்புதான். பள்ளத்தில் கொழுப்பை நிரப்பி, மேட்டைக் கரைத்துவிட்டால், முதல் தடவை எப்படி இருந்தது என்று யார் சொல்வது? மறு சிகிச்சையும் சொதப்பினால் எது எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. அதனால் இப்போது இருக்கும் நிலை முதலில் பதிவாக வேண்டும். இந்த டாக்டரோடு தொடர்பில்லாத பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் ஒருவரிடம் போய் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பள்ளம் எங்கே, எவ்வளவு, இது கவனமாகச் செய்தாலும் வரக்கூடியதா, அளவுக்கு மீறி உறிஞ்சியதால் வந்ததா, சரிசெய்ய என்ன செலவு என்று நேராகக் கேளுங்கள். முன்னாலிருந்தும் இரு பக்கமிருந்தும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் இந்தத் துறை நிபுணர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இன்னொருவர் தவறு செய்தார் என்று எழுத எல்லோரும் முன்வரமாட்டார்கள். இரண்டு மூன்று பேரைப் பார்க்க வேண்டி வரலாம்.

கூடவே மருத்துவ நிலையத்துக்கு எழுதி உங்கள் முழுப் பதிவையும் கேளுங்கள்: சிகிச்சைக்கு முன் எடுத்த படங்கள், ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு எடுத்தார்கள் என்ற குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, சம்மதப் படிவம். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய தரவைக் கேட்டால் 21 நாளில் பதில் தர வேண்டும். விலை பேசிய வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். பெரும்பாலும் மருத்துவ நிலையத்தின் கோப்பைவிட அதில்தான் விஷயம் இருக்கும். ‘கட்டாயம் தட்டையாகிவிடும்’ என்று யாராவது எழுதியிருந்தால், அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல, ஒப்பந்த வாக்குறுதி என்று வாதிட இடமுண்டு.

சரி, சம்மதப் படிவம். கத்தி வைக்க அனுமதி கொடுத்தீர்கள்; கவனக்குறைவுக்கு அனுமதி கொடுக்கவில்லை. 2017இல் கூட்டரசு நீதிமன்றம் இதை இரண்டாகப் பிரித்துத் தெளிவாக்கியது. சிகிச்சை செய்த விதம் சரியா என்பதைப் பொறுப்புள்ள சக மருத்துவர்கள் ஏற்கும் நடைமுறையை வைத்துப் பார்ப்பார்கள். ஆபத்துகளைச் சொன்னாரா என்பதை அப்படி அளக்க முடியாது. உங்கள் நிலையில் இருக்கும் ஒருவர் முக்கியமாகக் கருதும் ஆபத்தைச் சொன்னாரா என்று நீதிமன்றமே பார்க்கும். அழகுச் சிகிச்சையில் இந்த இரண்டாவது வழி பலமானது என்பது என் கருத்து. குடல்வால் அறுவை என்றால், ஆபத்தைச் சொல்லியிருந்தாலும் நோயாளி சம்மதித்திருப்பார் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். உங்களுக்கு நோயே இல்லை. பள்ளம் விழலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்று நீங்கள் சொன்னால் நம்புவதற்கு இடமிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்பார்த்த அழகு வரவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. மேடுபள்ளம் என்பது நல்ல கையிலும் வரக்கூடிய, எல்லோரும் அறிந்த பின்விளைவு. ஆகவே செய்தவர் யார் என்று பாருங்கள். மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டையும் நிபுணர் பதிவேட்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். சுகாதார அமைச்சின் அழகியல் மருத்துவ வழிகாட்டியில், பொது மருத்துவர் செய்யக்கூடிய சிகிச்சைகளில் லைப்போசக்‌ஷன் இல்லை. அவர் நிபுணரே இல்லையென்றால் உங்கள் கை ஓங்கும். அந்த இடத்துக்கு உரிமமோ பதிவோ இல்லையென்றால் அது 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி குற்றம். தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அப்போது அமைச்சிலும் புகார் கொடுங்கள்.

நடுவர் மன்றம் வேண்டாம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் குறைவு என்று பலர் அங்கே போகிறார்கள். ஆனால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், மருத்துவர்களும் மருத்துவ நிலையங்களும் தரும் சுகாதாரச் சேவையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. மருத்துவ மன்றம் அவரைத் தண்டிக்கலாம், உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. பணத்துக்கு நீதிமன்றம்தான்: 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை செஷன்ஸ்.

உங்கள் கணக்கில் கட்டிய 18,000, மறு சிகிச்சைக்கு 25,000, இழந்த சம்பளம், வலிக்கான தொகை எல்லாம் வரும். நிபுணர் சாட்சிக்கும் வழக்குக்கும் ஆகும் செலவு அதில் ஒரு பெரிய துண்டைத் தின்றுவிடும். அதனால் அறிக்கை கைக்கு வந்ததும் வழக்கறிஞர் கடிதம் அனுப்பிப் பேசித் தீர்ப்பதே உங்களுக்கு லாபம் என்று நினைக்கிறேன். பேச்சைத் தொடங்கியவரே டாக்டர்தானே. இலவச அறுவைக்குப் பதிலாக, நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிபுணரின் செலவைக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லை, அவரிடமே செய்துகொள்கிறேன் என்றால், இழப்பீடு கேட்கமாட்டேன் என்பது முதல் சிகிச்சைக்கு மட்டும் என்றும், இரண்டாவதில் ஏதாவது ஆனால் உரிமை அப்படியே இருக்கும் என்றும் வாசகத்தை மாற்ற வேண்டும்.

தனியார் இடம் என்பதால் வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அரசு மருத்துவமனையாக இருந்தால் 36 மாதம்தான். அதற்காக ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்காதீர்கள். சரிசெய்யக்கூடியதைக் காரணமில்லாமல் தள்ளிப் போட்டால் இழப்பீட்டைக் குறைப்பார்கள். அறிக்கைக்காகச் சில வாரம் காத்திருப்பது அப்படி ஆகாது. மறு சிகிச்சைக்கு முன் ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுப்பது மருத்துவர்களின் வழக்கமே. ஆனால் காய்ச்சல், சிவப்பு, நீர்க்கசிவு, கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் சட்டத்தை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், ‘ஜெயித்தால் மட்டும் பாதி கொடுங்கள்’ என்று யாராவது வழக்கை எடுத்துக்கொள்ள வந்தால் ஒதுங்கிவிடுங்கள். தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர்கள் அப்படிப் பங்கு பேசுவதைச் சட்டம் தடுக்கிறது. முதல் சந்திப்பிலேயே கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.