அம்மா, பிள்ளைகள் என்று குடும்பத்தோடு ஒரு வாரம் பாய்மரப் படகு வாடகைக்கு எடுக்க, படகு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டுமா, எந்த இடத்துக்குப் போகலாம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள்.

ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படகை ஓட்டும் ஸ்கிப்பரோடு சேர்த்தே படகை வாடகைக்கு எடுக்கலாம். நாங்கள் முதல் முறை கிரீஸுக்குப் போனது அப்படித்தான். மூன்று வருடம் கழித்து, பயிற்சி முடித்துவிட்டு, அதே கடலில் நானே ஓட்டினேன். இரண்டு பயணத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் பாயை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். காற்றடித்தால் படகு சாயுமே, கவிழ்ந்துவிடாதா என்று. 38 அடிப் படகின் அடியில் டன் கணக்கில் எடையுள்ள கீல் என்ற அடிப்பாகம் இருக்கிறது, அது படகைக் கவிழாமல் பிடித்துக்கொள்ளும். சாதாரண விடுமுறைக் காற்றில் படகு சாயும், அவ்வளவுதான். பாயை ஏற்றவும் இறக்கவும் ஓரிரு நாளில் கை பழகிவிடும். உண்மையான கஷ்டம் சாயங்காலம், படகைக் கரையில் கட்டும்போதுதான்.

கிரீஸின் சின்னத் துறைமுகங்களில் கார் நிறுத்துவது போல பக்கவாட்டில் கரையோடு ஒட்டிக் கட்ட முடியாது, இடம் போதாது. கரையிலிருந்து மூன்று நான்கு படகு நீளம் தள்ளி நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, பின்பக்கத்திலிருந்து இரண்டு கயிறுகளைக் கரையில் கட்ட வேண்டும். இருபுறமும் வேறு படகுகள் நிற்கும். பக்கவாட்டில் காற்றடித்தால் படகின் மூக்கு இழுத்துக்கொண்டு போகும். எங்கள் முதல் ஸ்கிப்பர் குரலே உயர்த்தாமல் ஐந்து நிமிடத்தில் இதை முடிப்பார். நான் இத்தாக்கா தீவின் கியோனியில் முதல் தடவை முயன்றபோது சங்கிலி போதுமான அளவு விடவில்லை, நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டு வந்தது. வெளியே போய்த் திரும்பவும் முதலிலிருந்து செய்தேன். பக்கத்துப் படகுக்காரர் எங்கள் கயிற்றை வாங்கிக் கட்டினார். அந்தக் கடலில் யாரும் யாரையும் அப்படி விட்டுவிடுவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: முதல் பயணத்தில் ஸ்கிப்பர் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். எங்களுக்கு நாளுக்கு 180 யூரோ ஆனது, அவர் சாப்பாட்டுச் செலவும் நம்முடையது. அவருக்குப் படுக்க ஒரு கேபினோ நடு அறை இருக்கையோ ஒதுக்க வேண்டும், ஆள் கணக்கில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம் எது என்று கேட்டிருந்தீர்கள். கிரீஸின் மேற்கே உள்ள அயோனியன் கடல், லெஃப்கடா தீவிலிருந்து தெற்கே. கோடையில் காலையில் கடல் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி கிடக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழும், இருட்டும்போது அடங்கும். நம் கடற்கரைகளில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் இருப்பது போல இதற்கு அங்கே மாயிஸ்ட்ரோ என்று பெயர். கிரீஸின் கிழக்கே உள்ள ஏஜியன் கடல் படத்தில் அழகுதான், ஆனால் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற பலத்த வடக்குக் காற்று பிடித்தால் நாள்கணக்கில் அடிக்கும். முதல் பயணத்துக்குப் பிள்ளைகளோடு அங்கே போகாதீர்கள்.

மெகானிசி தீவு, இத்தாக்கா, கெஃபலோனியா தீவின் ஃபிஸ்கார்டோ என்று நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கடல் மைல் போதும். படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போகும் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டுக் குளிக்கலாம். ஃபிஸ்கார்டோவுக்கு மட்டும் மதியம் ஒன்று, ஒன்றரைக்குள் போய்விடுங்கள். 1953 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் கெஃபலோனியாவின் பெரும்பகுதி இடிந்தபோது தப்பித்த ஊர் அது. பழைய வீடுகள் அப்படியே நிற்பதால் எல்லாப் படகும் அங்கேதான் வரும், பிந்தினால் கட்ட இடம் கிடைக்காது.

வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி. சனிக்கிழமை சாயங்காலம்தான் படகு கையில் கிடைக்கும், அடுத்த வெள்ளி மாலைக்குள் துறைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆகவே ஒரு வாரம் என்றால் கடலில் ஆறு நாள் என்று கணக்கு வையுங்கள். மூன்று கேபின் படகு எங்களுக்கு செப்டம்பர் கடைசியில் 1,900 யூரோ. சேதம் இருந்தால் பிடித்துக்கொள்ளும் முன்பணம் தனி. படகை உங்களிடம் ஒப்படைக்கும் நேரத்தில் அவசரப்படுத்துவார்கள், அசையாதீர்கள். பின்பக்கம், சுக்கான், நங்கூரம், ரப்பர் படகு எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். முதல் முறை நாங்கள் ஏறும்போதே இருந்த ஒரு கீறலுக்காக 300 யூரோவைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களிடம் படம் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சமையலுக்கு இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு இருக்கும். படகு சாய்ந்தாலும் நிமிர்ந்தே நிற்கும்படி தொங்கவிட்டிருப்பார்கள். சின்ன குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள், தண்ணீரும் கேஸும் மிச்சம். படகின் தண்ணீர்த் தொட்டியில் சில நூறு லிட்டர்தான், ஆறு பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும்.

அப்புறம், நீங்களே ஓட்டுவதானால் கிரீஸில் ஒருவருக்கு உரிமம் வேண்டும், இரண்டாவது ஒருவரும் தனக்கு அனுபவம் உண்டு என்று எழுதித் தர வேண்டும். நான் இங்கிலாந்தில் ஐந்து நாள் டே ஸ்கிப்பர் என்ற படகோட்டும் பயிற்சி முடித்து, ஐ.சி.சி. என்ற சர்வதேசப் படகோட்டிச் சான்றிதழ் வாங்கினேன். அந்த ஐந்து நாளில் பாதி, கட்டுவதும் அவிழ்ப்பதும்தான்.

உங்கள் அம்மாவுக்கு 66 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு குறுகலான பலகைதான் இருக்கும், பிடித்துக்கொள்ளப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. என் அம்மா முதல் நாள் அதில் கால் வைக்கவே இல்லை. ஸ்கிப்பர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று கை கொடுத்தோம், மூன்றாம் நாள் அவரே நடந்தார். முதலிரண்டு நாள் பக்கவாட்டில் கட்டக்கூடிய துறையாகப் பார்த்துத் தரச் சொல்லி ஸ்கிப்பரிடம் முன்பே கேளுங்கள். பிள்ளைகளின் எடையையும் முன்பதிவின்போதே எழுதி அனுப்புங்கள். அவர்கள் அளவு லைஃப் ஜாக்கெட் படகில் தானாக இருக்காது, கேட்டால்தான் எடுத்து வைப்பார்கள்.