2 இன்ச் லிஃப்ட் போட்ட தாருக்கு எந்த டயர், பிரேக்கையும் மாத்தணுமா?

2020-ல வந்த புது மஹிந்திரா தார்ல 2 இன்ச் லிஃப்ட் (சஸ்பென்ஷனை மாத்தி வண்டிய உயர்த்துறது) போட்டுட்டா 33 இன்ச் டயர் உட்காருமா, பிரேக் மாத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. உட்காருறது வேற, ஒழுங்கா ஓடுறது வேற. கம்பெனி 255/65 ஆர்18 டயரே கிட்டத்தட்ட 31 இன்ச் விட்டம் இருக்கு, 285/70 ஆர்17 போட்டா 33-க்கு பக்கத்துல வந்துடும், ஆனா ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஒரு வீல் மேல ஏறி நிக்கும்போது எங்கயாவது உரசுதான்னு பாத்துட்டுத்தான் வாங்கணும். டயர் பெருசாகுறதால ஸ்பீடோமீட்டர் 80 காட்டுறப்போ நிஜத்துல 84 போவீங்க.

எனக்கு டயரை விட பிரேக்தான் பெரிய கவலை. விட்டம் 5 சதவீதம் கூடினா அதே மிதிக்கு ரோட்டுல கிடைக்கிற பிரேக் ஃபோர்ஸ் ஏறக்குறைய அதே அளவு குறையும், அதுக்கு மேல டயரோட வெயிட்டு வேற, மலை இறக்கத்துல சூடு ஏறி பெடல் மிதிச்சாலும் வண்டி சரியா நிக்காம போகலாம். முதல்ல நல்ல பிரேக் பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், பின்னாடி டிரம் அட்ஜஸ்ட்மென்ட், இதை முடிங்க. பெரிய டிஸ்க் அப்புறம்தான், அதுவும் கேலிப்பர் (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) 17 இன்ச் ரிம்முக்குள்ள இடிக்காதான்னு பாத்துட்டு. இந்த மாத்தமெல்லாம் செல்லுமான்னு ஆர்டிஓ, இன்சூரன்ஸ் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுக்கோங்க. வீல் முழுசா தொங்குறப்போ பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போற குழாய்) இழுபடுதான்னு செக் பண்ணாம மட்டும் தயவுசெஞ்சு வண்டிய எடுக்காதீங்க.