சிகிச்சை முடிந்தது, ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: என் மனைவிக்கு வயது 44. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது நோய் திரும்பி வராமலிருக்க டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். செக்கப்புக்குப் போனால் டாக்டர் நாலு கேள்வி கேட்டு, கையால் தொட்டுப் பார்த்து அனுப்பிவிடுகிறார். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டாமா? வீட்டிலும் எப்போதும் சோர்வு. "என்ன செய்யுது?" என்று கேட்டாலே எரிந்து விழுகிறார். இரவில் விலகிப் படுக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் ஸ்கேன். உங்கள் டாக்டர் அலட்சியமாக இல்லை. முதல் மூன்று ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை நேரில் பரிசோதனை, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை. வழக்கமான நடைமுறை இதுதான். மார்பகம் முழுதாக அகற்றப்படவில்லை என்றால் ஆண்டுதோறும் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, உண்டு. ரேடியேஷன் முடிந்து ஆறு மாதமாவது கழித்துத்தான் முதலாவது எடுப்பார்கள். உங்களுக்கு அந்த நேரம் வந்துவிட்டது, தேதி கேட்டு வாங்குங்கள்.

தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன், ரத்தத்தில் ட்யூமர் மார்க்கர் (புற்றுநோயின் அடையாளப் பொருள்) என்று அடிக்கடி எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. எலும்பு ஸ்கேன், எக்ஸ்ரே போன்றவற்றை வைத்து இத்தாலியில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 1994-லேயே இதைக் காட்டின. ஒன்றுமில்லாத ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால், அதைத் துரத்திக்கொண்டு பயாப்ஸி வரை, அதாவது சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது வரை, போக வேண்டிவரும்.

ஆனால் புதிய கட்டி, வாரக்கணக்கில் ஆறாத எலும்பு வலி, விடாத இருமல், மூச்சுத்திணறல், கை வீக்கம் இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். டமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கும் அப்படித்தான். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

இரவில் விலகிப் படுப்பதற்கு வருகிறேன். டமாக்சிஃபென் பலருக்குத் திடீர் வெப்பத்தைக் கொண்டுவரும். பாதித் தூக்கத்தில் கழுத்தும் முதுகும் வியர்த்து நனைய, போர்வையை உதறிவிட்டுக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்வார். பக்கத்தில் இருப்பவருக்கு அது தன்னை ஒதுக்குவதாகத் தோன்றும். பல சமயம் உங்கள் மனைவிக்குத் தேவை ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். தூக்கம் கெட்டால் பகலில் சோர்வு வராமல் என்ன செய்யும்? இதை டாக்டரிடம் சொல்லுங்கள், தணிக்க மருந்து உண்டு. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கு வேறு டாக்டர் மருந்து எழுதினால் டமாக்சிஃபெனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். பாராக்ஸிடின், ஃப்ளுவாக்ஸிடின் இரண்டும் அதன் வேலையைக் குறைக்கலாம்.

சோர்வுக்கு ரத்தசோகை, தைராய்டு பார்ப்பது நல்லது. ஓய்வு மட்டும் போதாது. தினமும் கொஞ்சம் நடப்பதுதான் அதிகம் உதவுகிறது. நீங்களும் கூட நடங்கள், ஆனால் நோயைப் பற்றிப் பேசாமல்.

அந்த "என்ன செய்யுது?" கேள்வியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பலமுறை கேட்டால் அது அக்கறையாக அல்ல, காவலாகத்தான் படும். உங்களுக்குப் பயம் என்றால், "எனக்குப் பயமா இருக்கு" என்றே சொல்லிவிடலாம்.

உறவில் வலி, வறட்சி இருந்தால் தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் பாதுகாப்பானது. ஹார்மோன் க்ரீமை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மாதவிடாய் நின்றிருந்தாலும் கரு தங்கலாம், டமாக்சிஃபென் கருவுக்கு ஆபத்து. கர்ப்பத்தடை மாத்திரையும் கூடாது என்பதால் ஆணுறையோ காப்பர்-டியோ போதும். தழும்பைத் தொடலாமா, அவர் சட்டையோடு இருக்க விரும்புகிறாரா என்பதையெல்லாம் ஊகிக்காதீர்கள், கேளுங்கள்.

இந்தப் பேச்சை டாக்டர்கள் தாங்களாகப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அடுத்த செக்கப்பில் கேட்க வேண்டியதை இருவரும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதலில் உங்கள் மனைவி பேசட்டும்.