பொன்னாடையும் சேஞ்ச்ஓவர் சுவிட்சும்

அன்புள்ள ஐயா,

எங்கள் நகர் நலச்சங்கம் கார்த்திகையில் ஒரு விழா வைக்கிறது. புயலிலும் வெள்ளத்திலும் நமக்காக உழைத்த எளிய மனிதர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுக்க எண்ணம். வயர்மேன் ஒருவர், தூய்மைப் பணியாளர் இருவர், செவிலியர் ஒருவர். எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது? சிறப்பு விருந்தினராக யாரை அழைக்கலாம்? ‘அன்றாட நாயகர்கள்’ என்ற தலைப்பு பொருந்துமா?

எஸ்., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள எஸ்.,

சிறப்பு விருந்தினர் யாராக இருந்தாலும் தாமதமாகத்தான் வருவார், அதை விடுங்கள். தலைப்பும் இருந்துவிட்டுப் போகட்டும். பட்டியலில் வயர்மேன் முதலில் இருந்ததால்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே மனதில் கிடக்கிற விஷயம்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். இரண்டிலும் கம்பம் நட்டவர்களின் வேலை என்னவென்று உங்கள் சங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். எட்டு மீட்டர் கம்பத்துக்கு ஏறத்தாழ நாலரை அடிக் குழி. தேவனாம்பட்டினம் பக்கத்து மணலில் தோண்டத் தோண்டச் சரியும், தண்ணீர் ஊறும். மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி மூடினால் அடுத்த காற்றுக்குக் கம்பம் சாய்ந்துவிடும். அரையடி போட்டு இடித்து, மறுபடி அரையடி போட்டு இடிக்க வேண்டும். அதற்குள் நாம் பத்து முறை போன் போட்டு “இன்னும் எவ்வளவு நேரம்பா?” என்போம். அந்த “பா”வை முதலில் விடுங்கள்.

ஆனால் வயர்மேனைக் கொல்லக்கூடியது குழியோ காற்றோ அல்ல, நம் வீட்டு ஜெனரேட்டர்.

லைனில் கை வைக்கும் முன் அவர் லைன் கிளியர், அதாவது கரண்ட் நிறுத்தியாச்சு, வேலை செய்யலாம் என்ற அனுமதி, வாங்குகிறார். லைனைத் துண்டிக்கக் கம்பத்தில் இருக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டுகிறார், ஃபியூஸைப் பிடுங்குகிறார். வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும், கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். முதலில் மண் பக்கம், பிறகு கம்பி, கழற்றும்போது தலைகீழ். புயல் இரவில் இருபது இடத்தில் வேலை, கையில் இருப்பதோ ஒரு செட். எங்கோ ஓரிடத்தில் எர்த் இல்லாமல் ஏறிவிடுகிறார். அதே நேரம் தெருவில் ஒருவர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவர் பாயிண்டில் சொருகுகிறார். மெயின் ஆஃப் ஆகவில்லை. கரண்ட் மீட்டர் வழியே பின்னோக்கித் தெருக் கம்பிக்குப் போகிறது. டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் பிடுங்கியிருந்தால் கம்பியில் 230 வோல்ட். பிடுங்காமல் இருந்தால் டிரான்ஸ்பார்மர் அதை மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும்.

“தெரு லோடு தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும் சார்” என்று ஒருவர் எழுந்திருப்பார். தெரு முழுக்க இணைப்பு இருந்தால் நிற்கலாம். கம்பி அறுந்து உங்கள் வீடும் நாலு கம்பமும் மட்டும் தனியாகக் கிடந்தால் நிற்காது. ஏறியவர் அந்த நாலில் ஒன்றில்தான் இருப்பார்.

“மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுறோம்” என்பார் இன்னொருவர். நல்லது. இருட்டில், அவசரத்தில், வேலைக்கு வந்த பையன் போட்டால்? அதனால்தான் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் ஈ.பி., நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர்; இரண்டும் ஒருசேர இணைய வழியே கிடையாது. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு கம்பியை மாற்றும் ‘டூ போல்’ சுவிட்ச், த்ரீ ஃபேஸுக்கு நான்கு கம்பியை மாற்றும் ‘ஃபோர் போல்’. நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். ஃபேஸ் மட்டும் மாறுகிற மலிவு சரக்கை வாங்காதீர்கள். மீட்டருக்கும் மெயினுக்கும் அடுத்து, வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு (டி.பி.) முன்னால் வைக்க வேண்டும். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் கையால். சுவிட்ச் போட்டுவிட்டு அந்த இரட்டை பிளக் வயரை வீட்டில் வைத்திருந்தால் பிரயோசனமில்லை, வெட்டிப் போடுங்கள். இன்வெர்ட்டரில் மாற்றும் ரிலே உள்ளேயே இருக்கிறது. ஆனால் யாரோ ஈ.பி. நியூட்ரலையும் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் ஒன்றாகக் கலந்து வயர் இழுத்திருப்பார்கள், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொன்னாடை, கேடயப் பணத்தில் உங்கள் நகரில் ஜெனரேட்டர் இருக்கிற சில வீடுகளுக்காவது இதைச் செய்துவிடலாம். கைதட்டலில் எனக்கு விரோதமில்லை. அந்த மனிதர் மேடையில் கூச்சத்தோடு நிற்பதும், அவர் மகள் கீழே இருந்து போட்டோ எடுப்பதும் நல்ல காட்சிதான். ஆனால் அதே மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரை எப்படி இணைத்திருக்கிறீர்கள் என்று அவர் கண் முதலில் போகும்.

தூய்மைப் பணியாளருக்கு: உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றியும், ஊசியைக் குத்தாத கெட்டி டப்பாவில் போட்டு மூடியும், இன்னது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களை விட்டுவிடாதீர்கள்; நிரந்தரப் பணியாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. அப்புறம், கார்த்திகையில் விழா வைத்தால் வயர்மேன் வர மாட்டார், காற்று எழும்பியிருக்கும். தைக்குத் தள்ளுங்கள். சுவிட்ச் வேலையை ஐப்பசிக்குள் முடித்துவிடுங்கள்.